பிள்ளை மனத்தில் பயம் குடியேறுவது எப்படி?



“சாப்பிடறியா, இல்ல ஊசிக்காரம்மாவைக் கூப்பிடட்டுமா?”

இந்தச் சொல் கேட்காத வீடு நம் கிராமங்களில் எத்தனை இருக்கும்? பிள்ளை சோறு தின்ன அடம் பிடித்தால் ஊசி. தூங்க மறுத்தால் ஊசி. தெருவில் ஓடினால் ஊசி. சும்மா மிரட்டுவதற்குத்தானே சொல்கிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். பிள்ளையும் அந்த நேரத்துக்கு அடங்கிவிடும். ஆனால் அந்தச் சொல் அந்த நேரத்தோடு போய்விடுவதில்லை. அது பிள்ளையின் மனத்தில் தங்கி, பிற்பாடு வேறொரு நாளில் வேலை செய்கிறது.

அது எப்படிப்பட்ட நாள் என்று பாருங்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் விட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு நாய்க்குட்டி கணுக்காலில் பல் பதித்துவிடுகிறது. பெரிய காயமில்லை. இரண்டு சொட்டு ரத்தம்தான். வீட்டில் சொன்னால் ஊசி போடுவார்கள். அதுவும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். பையன் காலைக் கழுவாமல், கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒன்றும் நடவாதவன் போல வீட்டுக்குள் நுழைகிறான். வெறிநாய்க்கடி நோய் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வெளியே தெரியும். தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. அன்றைக்கே காயத்தைக் கழுவி ஊசி போட்டிருந்தால் வராமல் தடுத்திருக்கக்கூடிய நோய் அது.

அந்தப் பையனுக்கு ஊசியின் மேல் அவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது? பிறக்கும்போதே வந்ததா, அல்லது நாம் கற்றுக்கொடுத்ததா? கற்றுக்கொடுத்தது என்றால் அதை மாற்றிக் கற்றுக்கொடுக்க முடியுமா? இந்தத் துண்டுப் பிரசுரம் இதைப் பற்றித்தான்.

உளவியல் என்றால் என்ன?

‘உளவியல்’ என்றவுடன் புத்தி பேதலித்தவர்களுக்கான வைத்தியம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. மனிதன் எப்படிக் கற்கிறான், எப்படி நினைவில் வைக்கிறான், ஏன் பயப்படுகிறான், ஏன் ஒரு பழக்கத்தை விடமுடியாமல் தவிக்கிறான் என்று ஆராய்ந்து அறியும் சாஸ்திரமே உளவியல். உங்களுக்கும் எனக்கும் நம் பிள்ளைகளுக்கும் அன்றாடம் நடப்பதைத்தான் அது பேசுகிறது. அதன் முதற்பாடங்கள் சிலவற்றை நம் பெரியவர்கள் பழமொழியாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

முதற்பாடம்: சூடு கண்ட பூனை

‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது’ என்கிறோம். அடுப்பங்கரை பூனையை ஒன்றும் செய்யவில்லை. சூடு பட்ட இடம் அது, அவ்வளவுதான். இடமும் வலியும் பூனையின் மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டன.

இந்த முடிச்சை முறையாக ஆராய்ந்தவர் ருஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லவ். உணவு செரிப்பது பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆராய்ச்சிக்கு வைத்திருந்த நாய்களுக்கு உணவு வாய்க்கு வருமுன்பே, உணவு கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே எச்சில் ஊறுவதை அவர் கவனித்தார். பிறகு, ஓர் ஓசையை எழுப்பி உடனே உணவு கொடுத்தார். இப்படிப் பலமுறை செய்த பின் உணவே இல்லாமல் ஓசையை மட்டும் எழுப்பினார். அப்போதும் நாய்க்கு எச்சில் ஊறியது!

உணவைக் கண்டு எச்சில் ஊறுவது இயற்கை. ஓசையைக் கேட்டு எச்சில் ஊறுவது கற்றது. இரண்டும் சேர்ந்து சேர்ந்து வந்ததால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யத் தொடங்கிவிட்டது. இதற்கு உளவியலில் ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்று பெயர். பெயர் கடினம், விஷயம் எளிது. சேர்ந்து வருவது மனத்தில் சேர்ந்தே தங்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அம்மாவின் கோபக் குரல், உருட்டிய விழி, ‘ஊசி’ என்ற சொல், இவை மூன்றும் தினம் சேர்ந்து வருகின்றன. ஊசியே போடாத நாளிலும் பிள்ளை ஊசிப் பயத்தைப் பழகிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் பாடம்: அரண்டவன் கண்ணுக்கு

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.’ ஒன்றைக் கண்டு பயந்தவன் அதைப்போல் இருக்கும் எல்லாவற்றுக்கும் பயப்படுவான்.

1920-இல் அமெரிக்காவில் வாட்சன் என்பவரும் ரேய்னர் என்ற பெண்மணியும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று. வெள்ளெலியைக் கண்டு அதற்குப் பயமே இல்லை, கை நீட்டித் தொடப் போகும். குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். குழந்தை திடுக்கிட்டது. சில தடவைகளுக்குள் கம்பி ஓசை இல்லாமலே, எலியைக் கண்ட மாத்திரத்தில் அழுது விலகத் தொடங்கியது. எலியோடு நிற்கவில்லை. முயலைக் கண்டும் நாயைக் கண்டும் ரோமத்தாலான மேலங்கியைக் கண்டும் பயந்தது.

அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்காமலேயே அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது. இன்றைக்கு அப்படி ஓர் ஆராய்ச்சி செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று ஓர் அறைக்குள் சில தடவை செய்ததை நாம் வருஷக்கணக்கில் வீட்டுக்குள் செய்துகொண்டிருக்கிறோம். ஊசியில் தொடங்கிய பயம் நர்ஸம்மாவின் மேல் படிகிறது. அவர் உடுத்தும் உடையின் மேல், மருந்து வாசனையின் மேல், ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மேலெல்லாம் படிகிறது. கடைசியில் ‘உடம்பு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வதற்கே பிள்ளை பயப்படுகிறது.

மூன்றாம் பாடம்: ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’

ஒரு செயலுக்குப் பின் நன்மை கிடைத்தால் அந்தச் செயல் மறுபடி வரும். ஒன்றும் கிடைக்காவிட்டால் மெல்ல மறையும். இதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர். பெட்டிக்குள் விடப்பட்ட எலி தற்செயலாக ஒரு நெம்புகோலை அழுத்தியது. தீனி விழுந்தது. பிறகு எலி அதையே அழுத்திக்கொண்டிருந்தது. இப்படிப் பலன் தந்து செயலை உறுதிப்படுத்துவதற்கு ‘வலுவூட்டல்’ என்று பெயர்.

பலன் என்பது தீனி மட்டுமல்ல. தொல்லை நீங்குவதும் பலன்தான். தடுப்பூசி நாளன்று அங்கன்வாடி வாசலில் பிள்ளை புரண்டு அழுகிறது. “சரி விடு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று தாய் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். அந்த நிமிஷத்தில் பிள்ளையின் பயம் நீங்குகிறது. புரண்டு அழுதால் தப்பலாம் என்று அது கற்றுக்கொண்டது. தாயின் சங்கடமும் நீங்குகிறது. திரும்பிப் போனால் நிம்மதி என்று அவளும் கற்றுக்கொண்டாள்! ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பாடம் நடந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு அழுகை இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எப்போதும் தீனி விழுந்து பழகிய எலி, தீனி நின்றால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். சில சமயம் விழுந்தும் சில சமயம் விழாமலும் பழகிய எலியோ வெகு நேரம் விடாமல் அழுத்தும். ஒரு நாள் அழுகைக்கு மசிவதும், ஒரு நாள் மசியாமல் இருப்பதுமான வீட்டில் அழுகை வலுப்பதற்கு இதுவே காரணம். ஆகவே அப்பா ஒன்று சொல்ல அம்மா ஒன்று சொல்லக் கூடாது. இருவரும் முதலிலேயே பேசி ஒரே முடிவில் நில்லுங்கள்.

நான்காம் பாடம்: தாயைப் போல பிள்ளை

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.’ தானே பட்டறிந்தால்தான் கற்க முடியும் என்பதில்லை. பார்த்தும் கற்கலாம். 1961-இல் பண்டூரா என்ற உளவியலாரும் அவருடன் பணி செய்தவர்களும் 72 சிறு பிள்ளைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். பெரியவர் ஒருவர் ஒரு பெரிய பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள், பிறகு அந்தப் பொம்மையைத் தாங்களும் அதே மாதிரி அடித்தார்கள். அமைதியான பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் அவ்வளவு அடிக்கவில்லை.

தகப்பனார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். ரத்தப் பரிசோதனை என்றதும் நீங்கள் முகம் சுளித்து, “எனக்கு ஊசின்னாலே ஆகாதுப்பா” என்று பின்வாங்கினால், மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்த முகத்தைப் படித்துக்கொள்கிறது.

கற்றதை மாற்ற முடியுமா?

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற பழமொழியும் நம்மிடம் உண்டு. அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கற்றது எதுவோ அதை மாற்றியும் கற்கலாம்.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1924-இல் இதைச் செய்து காட்டினார். பீட்டர் என்று அவர் குறிப்பிடும் சிறுவனுக்கு ஏறக்குறைய 3 வயது. முயலைக் கண்டால் அலறுவான். பயப்படாத மற்றப் பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டார். முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். நல்ல முன்னேற்றம். ஆனால் இடையில் பீட்டர் காய்ச்சலாக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய்ந்துவிட்டது. பழைய பயம் அப்படியே திரும்பியது.

அந்த அம்மையார் கைவிடவில்லை. பீட்டருக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்னும்போது கூண்டிலிருக்கும் முயலைத் தூரத்தில் வைத்தார். அவன் தின்பதற்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு நாளுக்கு நாள் கிட்டே நகர்த்தினார். முன்பு பயமும் முயலும் சேர்ந்து வந்தன. இப்போது தின்பண்டமும் முயலும் சேர்ந்து வந்தன. கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். அது தன் விரலைக் கடித்து விளையாடவும் விட்டான். பஞ்சு, இறகு போன்றவற்றின் மேல் அவனுக்கிருந்த பயமும் கூடவே போய்விட்டது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். மெதுவாக, இன்பமான ஒன்றோடு சேர்த்து, விடாமல் செய்ய வேண்டும். ஒரு நாள் பின்னடைவு வந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்கக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

1. இன்று முதல் ஊசியையும் டாக்டரையும் நர்ஸம்மாவையும் மிரட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். தாத்தா பாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

2. ஊசி போடாத நாளிலும் பிள்ளையைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். எடை பார்க்கட்டும். நர்ஸம்மா நாலு வார்த்தை பேசட்டும். போகிற இடமெல்லாம் வலி இல்லை என்று பிள்ளை கற்கும்.

3. பொய் சொல்லாதீர்கள். “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லி வலித்துவிட்டால், அடுத்த முறை உங்கள் சொல் எடுபடாது. “எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும், உடனே சரியாயிடும், நான் பிடிச்சிக்கிறேன்” என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

4. கைக்குழந்தை என்றால் ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். வலி குறையும். நர்ஸம்மாவிடம் முதலிலேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

5. நடக்கிற பிள்ளையைப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தாயோ தகப்பனோ மடியில் உட்கார வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லுங்கள். பெரிய பிள்ளையை மெதுவாக மூச்சை ஊதச் சொல்லுங்கள்.

6. முடிந்ததும் ‘தைரியமா இருந்தே’ என்று மெச்சுங்கள். அழுதாலும் பரவாயில்லை. அழுதுகொண்டே கையை நீட்டியதும் தைரியம்தான். தோளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு வாருங்கள். அந்தச் சந்தோஷமும் ஊசியோடு சேர்ந்து மனத்தில் தங்கட்டும்.

7. அழுகைக்காக ஊசி நாளைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சலோ வேறு நோவோ இருந்தால் போடலாமா வேண்டாமா என்பதை நர்ஸம்மாவிடம் கேளுங்கள். நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

சில கேள்விகளும் பதில்களும்

“அடியாத மாடு படியாது என்பார்களே. ரெண்டு போட்டால் தானே வழிக்கு வரும்?”

அடித்தால் அந்த நிமிஷம் அடங்கும். ஆனால் என்ன கற்கிறது? அடித்தவரைக் கண்டு பயப்படக் கற்கிறது. அடுத்த தடவை அவருக்குத் தெரியாமல் செய்யக் கற்கிறது. நாய்க்கடியை மறைத்த பையனும் இந்தப் பாடம் படித்தவனாக இருக்கலாம். “தெருநாய்கிட்ட ஏன்டா போனே?” என்று முதுகில் விழும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? எந்தத் தப்பு செய்தாலும் அப்பாவிடம் வந்து சொல்லலாம் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருந்தால், அதைவிடப் பெரிய காவல் வேறில்லை.

“மிரட்டாமல் சோறு ஊட்டுவது எப்படி?”

பசி வந்த பிறகு ஊட்டுங்கள். இடையில் நொறுக்குத்தீனி குறையுங்கள். உங்களோடு உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கீரையை ருசித்துச் சாப்பிட்டால் அதைப் பார்த்து அதுவும் கற்கும். எடை ஏறாமல் இருந்தால் மட்டும் அங்கன்வாடியிலும் நர்ஸம்மாவிடமும் காட்டுங்கள்.

“ஏற்கெனவே சில ஊசிகள் தவறிவிட்டன. இனிப் போய் என்ன பயன்?”

பயன் உண்டு. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போட வேண்டியதில் ஒன்று தவறியிருந்தாலும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். யாரும் திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

“ஊசியைக் கண்டால் எனக்கே மயக்கம் வருகிறது. நான் எப்படிப் பிள்ளைக்குத் தைரியம் சொல்வது?”

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலருக்கு ஊசியையோ ரத்தத்தையோ கண்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டும். வேறு சிலருக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுமே ரத்த அழுத்தம் ஏறும். வீட்டில் பார்த்தால் சரியாக இருக்கும். இரண்டும் வீம்பினால் வருவன அல்ல. மயக்கம் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முதற் பிரசவத்தில் கேட்ட கடுஞ்சொல்லால் ஆஸ்பத்திரி என்றாலே நெஞ்சு படபடக்கும் தாய்மாரும் உண்டு. கணவர்மார் அதைக் கேலி செய்யாமல், அடுத்த பரிசோதனைக்குக் கூடவே போய் உட்காருங்கள். பீட்டருக்குத் தின்பண்டம் செய்த வேலையை உங்கள் துணை செய்யும்.

நாய் கடித்தால்: எல்லோரும் அறிய வேண்டியது

கடி சிறிதோ பெரிதோ, குட்டியோ வளர்ந்ததோ, வீட்டு நாயோ தெரு நாயோ, உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். கட்டுப் போடாமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பூனையோ குரங்கோ கடித்தாலும் இதேதான்.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி பழைய காலத்தது. நம் நாட்டில் 2005-க்குப் பிறகு அது வழக்கத்தில் இல்லை. இப்போது போடுவது கையில்தான். குறித்துக் கொடுக்கும் தேதிகளில் நாலைந்து தடவை போக வேண்டும். காயத்தைப் பொறுத்து, காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். அரசு நிலையங்களில் காசு வாங்குவதில்லை. முதல் ஊசியோடு நின்றுவிடாமல் எல்லாத் தேதிக்கும் போய் முடியுங்கள்.

இதை இன்று மாலையே உங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். “நாய் கடிச்சா, கீறினா, புண்ணுல நக்கினா உடனே எங்ககிட்ட வந்து சொல்லணும். நாங்க அடிக்க மாட்டோம், திட்ட மாட்டோம்.” சொன்னபடியே நடந்தும் காட்டுங்கள்.

நினைவில் வையுங்கள்

• ஊசிப் பயம் பெரும்பாலும் கற்ற பாடம். கற்றுக்கொடுப்பவர்களில் நாமும் உண்டு.
• சேர்ந்து வருவது மனத்தில் சேர்ந்தே தங்கும். ஊசியோடு மிரட்டலைச் சேர்க்காதீர்கள், அணைப்பைச் சேருங்கள்.
• அழுகைக்கு மசிந்து திரும்பினால் அழுகை வளரும், பாதுகாப்பு குறையும்.
• பிள்ளை உங்கள் சொல்லைவிட உங்கள் முகத்தைப் பார்த்தே கற்கிறது.
• பயத்தை மெதுவாக, விடாமல், அன்போடு மாற்றலாம்.
• நோவையும் காயத்தையும் மறைக்காமல் சொல்லும் பிள்ளையே பத்திரமான பிள்ளை.

படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் “ஊசிக்காரம்மாவைக் கூப்பிடட்டுமா?” என்ற குரல் கேட்டால், சண்டைக்குப் போகாமல் இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.